மனச்சோர்வோடு சேர்ந்து வரும் நோய்கள்: கேள்வி பதில்

மூன்று மாதமாக மனச்சோர்வு மாத்திரை சாப்பிடும் என் தம்பி இப்போது ராத்திரி இரண்டு மணிக்கு அலமாரியை அடுக்குகிறான். தூக்கமில்லை, களைப்பும் இல்லை. கடன் வாங்கி இரண்டு செல்போன் வாங்கிவிட்டான். குணமாகிவிட்டதா டாக்டர்?

இல்லை. இன்றே அவருடைய டாக்டரிடம் அழைத்துப் போங்கள். இது பைபோலார் நோயின் எழுச்சியாக இருக்கலாம். சில காலம் மனம் சோர்ந்து கிடப்பதும், சில காலம் அளவுமீறி எழும்புவதும்தான் அந்த நோய். பலருக்கு அது முதலில் சோர்வாகத்தான் தலைகாட்டும். உற்சாகமாக இருந்த நாட்களைச் சொல்லிக்கொண்டு யாரும் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. அதனால் அந்தப் பாதி டாக்டர் காதுக்கே எட்டாது. சோர்வுக்கான மாத்திரையை மட்டும் கொடுத்தால் சிலருக்கு மனம் எகிறிவிடும். இவர்களுக்கு லித்தியம் போன்ற மருந்து தேவைப்படலாம். 1949இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மனநல மருத்துவர் கண்டுசொன்ன பயன் அது. ரத்தத்தில் அதன் அளவு, சிறுநீரகம், தைராய்டு மூன்றையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். கூடப் போகிறவர் அலமாரி, கடன், செல்போன் எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பதற்றமும் சோர்வும் ஒன்றாக இருக்கிறது. எதற்கு முதலில் மருந்து?

இரண்டும் சேர்ந்து வருவது சகஜம். பெரும்பாலும் ஒரே மருந்தும் பேச்சு சிகிச்சையும் இரண்டுக்கும் உதவும்.

அக்காவின் சீட்டைக் காட்டி அதே மாத்திரையை வாங்கலாமா?

கூடாது.

முதல் பதிலை ஏற்க முடியவில்லை. வயசுப் பையன் சுறுசுறுப்பாக இருந்தால்கூட நோயா? உங்களுக்கு எல்லாமே நோய்தான்.

நியாயமான கோபம். தேர்வுக்காக விழித்துப் படிக்கிறவன் மறுநாள் தூங்கி வழிவான், அது நோயல்ல. இங்கே மூன்று மணி நேரத் தூக்கமே போதும் என்கிறது உடம்பு. பேச்சு வேகமெடுக்கிறது, பணம் பறக்கிறது, 'இவன் இப்படி இருக்க மாட்டானே' என்று வீட்டாரே சொல்கிறார்கள். இலேசான எழுச்சி என்று சொல்லக்கூட இந்த மாற்றம் தொடர்ந்து நான்கு நாளாவது இருக்க வேண்டும் என்பது கணக்கு. ஒருநாள் குஷியை வைத்து நான் யாருக்கும் நோய்ப் பெயர் சூட்டவில்லை.

அம்மாவுக்கு 70 வயது. மறதி, எதிலும் பிடிப்பில்லை.

முதுமையில் சோர்வே மறதி நோய் மாதிரித் தெரியும். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். தைராய்டு, பி12 பரிசோதனையோடு முதியோர் மருத்துவரைப் பாருங்கள்.

தோழியின் மாத்திரை எனக்கும் ஒத்துக்கொள்ளுமா?

அக்கா சீட்டுக்குச் சொன்னதேதான். அடுத்தவர் மாத்திரை வேண்டவே வேண்டாம்.

செத்துவிடலாம் என்று அடிக்கடி தோன்றுகிறது.

இப்போதே 14416ஐ அழையுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். வீட்டில் நம்பிக்கையான ஒருவரைப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். மாத்திரைப் பெட்டி இன்று அவரிடமே இருக்கட்டும்.