கத்தாத செலின் டியான்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெருங்குரல் கொண்ட பாப் பாடகிகள் ஏன் வளர்வதே இல்லை? செலின் டியானையே எடுத்துக்கொள்ளுங்கள். டைட்டானிக் பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரே சூத்திரம்தான்: மெதுவாகத் தொடங்கி, கடைசியில் சுருதியை ஏற்றி, உச்சத்தில் ஒரு கத்தல். இதில் கலை வளர்ச்சி எங்கே இருக்கிறது?

கே.

அன்புள்ள கே.,

சூத்திரம் உண்டு, மறுக்கவில்லை. டைட்டானிக் பாட்டின் கடைசிப் பல்லவி நான்கு அரைச்சுரம் மேலே தாவுகிறது. தொண்ணூறுகளின் தயாரிப்பாளர்களுக்கு இந்தத் தாவல் ஒரு போதை. ஆனால் நீங்கள் அவருடைய ஆங்கிலப் பாடல்களை மட்டும் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

கனடாவின் கியூபெக்கில், பதினான்கு பிள்ளைகள் பிறந்த வீட்டின் கடைக்குட்டி அவர். தாய்மொழி பிரெஞ்சு. 1981இல், 13 வயதில் முதல் ஆல்பம். அதற்காக மேலாளர் ரெனே ஆஞ்செலில் தன் வீட்டையே அடமானம் வைத்தார். ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் 1988இல் ஸ்விட்சர்லாந்துக்காகப் பாடி ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் வென்றார். பிறகுதான் உட்கார்ந்து ஆங்கிலம் படித்து, 1990இல் ஆங்கில ஆல்பம் போட்டார். அந்தச் சந்தையில் குரலின் வலுவைக் காட்டினால்தான் எடுபடும். காட்டினார்.

திருப்பம் 1995இல் வந்தது. பிரெஞ்சுப் பாடலாசிரியர் ழான் ழாக் கோல்ட்மன் எழுதித் தந்த பாடல்களைக் கொண்ட பிரெஞ்சு ஆல்பம் அது. குறைத்துப் பாடச் சொன்னார் கோல்ட்மன். ஊரே கைதட்டும் வாளை உறையில் போடச் சொன்னால் யாருக்குத்தான் மனம் வரும்? இவருக்கு வந்தது. ‘பூர் க து மேம் ஆங்கோர்’ பாட்டைக் கேளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் சொற்களை வைக்கிறார். குரல் ஏறும் இடத்திலும் நமக்குக் கேட்பது போன காதலை மீட்கத் துடிப்பவளின் பிடிவாதம்தான், தொண்டையின் பலம் பின்னால் போய்விடுகிறது. பிரெஞ்சில் மிக அதிகம் விற்ற ஆல்பங்களில் இதுவும் ஒன்று.

டைட்டானிக் பாட்டு இதற்கு இரண்டு வருடம் கழித்து வந்தது. மாதிரிக்காகப் பதிந்த குரலே கடைசியில் வெளியான பாட்டிலும் நின்றுவிட்டது. அதன் முதல் சரணம் பாதி மூச்சு. கோல்ட்மனிடம் பாடியிராவிட்டால் அப்படித் தொடங்கியிருப்பாரா? மாட்டார் என்பது என் ஊகம்.

2003இல் லாஸ் வேகாஸ் போனார், அவருக்கென்றே கட்டிய அரங்குக்கு. ஓய்வுபெறுகிறவர்களின் ஊர் என்று கேலி இருந்தது. பின்னாளில் இங்கிலாந்துப் பாடகி அடெல் அதே மேடைக்கு வந்தார். வியாபாரமாக அது பெரிய விஷயம். இசையாக எனக்கு அதில் அவ்வளவு ஆர்வமில்லை.

தசைகளை இறுக்கும் அரிய நரம்பு நோய் தனக்கு இருப்பதாக 2022இல் அறிவித்தார். 2024 ஜூலையில், பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில், ஈஃபில் கோபுரத்தில் நின்று பழம்பெரும் பிரெஞ்சுப் பாடகி எடித் பியாஃபின் பாட்டைப் பாடினார். நீங்கள் குறைசொல்லும் அதே பெருங்குரல். அங்கே அடக்கி வாசித்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும்; பியாஃபின் பாட்டு அந்தக் குரலைக் கேட்கிறது.