மேகத்துக்குப் பச்சை அடித்தால் புதர்

கேள்வி: சூப்பர் மரியோவில் வானத்தில் இருக்கும் மேகமும் தரையில் இருக்கும் புதரும் ஒரே படம்தான் என்று என் மகன் அடித்துச் சொல்கிறான். நிஜமா?

பதில்: பையன் சொல்வது சரி. மேகத்துக்குப் பச்சை அடித்தால் புதர். 1985-இல் வந்த அந்த கேம் மொத்தமே 40 கிலோபைட், அதில் படங்களுக்குக் கிடைத்த இடம் 8 கிலோபைட். ஒரே படத்தை வைத்து இரண்டு வேலை பார்த்துவிட்டார்கள். தத்தித் தத்தி வருமே கூம்பா என்ற எதிரி, அதற்கும் ஒரே படம்தான். இடமும் வலமுமாக மாற்றி மாற்றிப் புரட்டிப் போட்டால் அது நடப்பதுபோல் தெரியும்.

எங்கள் வீட்டில் கறுப்பு வெள்ளை டிவி. "மேகம் ஏன்டா தரையில கிடக்கு?" என்று அக்கா முதல் நாளே கேட்டாள். உனக்குக் கண் சரியில்லை என்று சண்டை போட்டேன். பச்சை நிறம் இல்லாததால்தான் அவளுக்கு அது உடனே தெரிந்திருக்கிறது. அக்காவிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

கேள்வி: மரியோவில் ஒரு நிலையின் முடிவில் கொடிக்கம்பத்தைப் பிடித்ததும் சில நேரம் வாணவேடிக்கை நடக்கிறது, சில நேரம் இல்லை. உச்சியில் பிடித்தால்தான் வருமா?

பதில்: உச்சிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கம்பத்தைத் தொடும்போது நேரத்தின் கடைசி இலக்கத்தைப் பாருங்கள். 1 என்றால் ஒரு வெடி, 3 என்றால் மூன்று, 6 என்றால் ஆறு. வெடிக்கு 500 புள்ளி. வேறு எந்த இலக்கத்துக்கும் ஒன்றும் கிடையாது.

கேள்வி: அதே கேமில் 'மைனஸ் 1' என்று ஓர் உலகம் உண்டாமே? ஒளித்து வைத்தார்களா?

பதில்: யாரும் ஒளித்து வைக்கவில்லை, அது ஒரு பிழை. 1-2-இன், அதாவது முதல் உலகத்தின் இரண்டாம் நிலையின், கடைசியில் சுவரை ஊடுருவி, வேறு உலகங்களுக்குத் தாவும் மூன்று குழாய்கள் இருக்கும் அறைக்குள் நுழைய வேண்டும். குனிந்தபடி பின்பக்கமாகத் தாவி, செங்கல் ஓரத்தில் சரியாக உரச வேண்டும். நூறு தடவை முட்டிக்கொண்டாலும் வியப்பில்லை. குழாய்களுக்கு மேல் எண்கள் தோன்றுவதற்குள் ஓரக் குழாயில் இறங்கினால், கேம் குழம்பிவிடும். அது உங்களை அனுப்புவது 36-ஆம் உலகத்துக்கு. படங்களின் வரிசையில் 36-ஆவது வெற்றுக் கட்டம் என்பதால், திரையில் எண் இருக்க வேண்டிய இடம் காலியாகி, '36-1' என்பது வெறும் '-1' ஆகிறது.

உள்ளே போனால் 7-2-இல் பார்த்த அதே தண்ணீர்தான். கடைசிக் குழாயில் நுழைந்தால் திரும்ப ஆரம்பத்துக்கே வருவீர்கள். நேரம் தீர்ந்து சாகும்வரை நீந்த வேண்டியதுதான். ஜப்பானில் வந்த டிஸ்க் பதிப்பில் மட்டும் இதில் மூன்று நிலைகள் உண்டு, முடிக்கவும் முடியும்.

கேள்வி: மரியோவின் 3-1 படிக்கட்டில் ஆமையின் மேல் குதித்துக் குதித்து உயிர்களைச் சேர்த்தேன். அப்புறம் ஒரே ஒரு தடவை செத்ததும் ஆட்டம் முடிந்துவிட்டது!

பதில்: பேராசை! உயிர்களை எண்ணும் இடத்தில் 127-ஐத் தாண்டினால், கேம் அதை மைனஸ் எண்ணாகப் படிக்கும். மைனஸ் உயிர் என்றால் ஆள் அவுட்தானே. நூறோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவில் கண்ணாடியிலிருந்து வெளியே வரும் நிழல் மனிதனைக் கடைசியில் எப்படிக் கொல்வது?

பதில்: கொல்லவே கூடாது. அவனை வெட்டினால் உங்கள் உயிரும் குறைவதைக் கவனித்தீர்களா? வாளை உறையில் போட்டுவிட்டு நேராக அவன்மேல் ஓடுங்கள். இருவரும் ஒருவராகிவிடுவீர்கள். அப்புறம் எதிரே இருக்கும் பள்ளத்தைப் பார்த்துத் தயங்காமல் ஓடுங்கள். காலுக்குக் கீழே தரை தானாக வரும். முதல் தடவை இதைச் செய்தபோது எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது.

அவன் பிறந்த கதை இன்னும் சுவாரசியம். 1989-இல் ஆப்பிள் 2 கணினிக்காக ஜோர்டன் மெக்னர் எழுதிய கேம் இது. தன் தம்பி ஓடுவதையும் தாவுவதையும் வீடியோ எடுத்து, அதைப் பார்த்துப் படம் படமாக இளவரசனை வரைந்தார். நினைவகம் அதிலேயே நிறைந்துவிட்டது. எதிரி வேண்டும், எதிரி வேண்டும் என்று தோழி நச்சரிக்கிறார், இன்னொரு ஆளுக்கோ இடமில்லை. சரி என்று இளவரசனின் படத்தையே ஒரு புள்ளி நகர்த்தி, அதன்மேலேயே கலந்து பார்த்தார். மினுமினுவென்று ஓர் ஆவி உருவம் வந்தது. வில்லன் தயார்! உங்கள் மருந்தைக் குடித்துவிட்டு ஓடுவதும், முகத்துக்கு நேரே கதவை மூடுவதும் அவன்தான்.

கேள்வி: டாங்கி காங்கில் 22-ஆம் நிலையில் மரியோ ஏன் சும்மா நின்றாலும் சாகிறான்?

பதில்: நேரக் கணக்கில் கோளாறு. நிலையோடு 4-ஐக் கூட்டிப் பத்தால் பெருக்குகிறது அந்த 1981-ஆம் ஆண்டு இயந்திரம். 22-க்கு 260 வரும். ஆனால் அதற்குத் தெரிந்த பெரிய எண் 255, அதைத் தாண்டினால் மறுபடி 0-இலிருந்து எண்ணும். எனவே 256 போக மிச்சம் 4. அந்த நேரத்தில் உச்சிவரை ஏற முடியாது. நான் 4-ஆம் நிலையைத் தாண்டியதே இல்லை, எனக்கு அந்தக் கவலை இல்லை.