சூடான காற்றின் ஒளியைப் படிக்க விரும்பும் மகள்: ஒரு தாய்க்குப் பதில்

மதிப்பிற்குரிய அம்மா,

இயற்பியலில் இளங்கலை முடிக்கவிருக்கும் உங்கள் மகள், மிகுந்த வெப்பநிலையில் காற்று ஒளியை எவ்வாறு உட்கவர்கிறது, எவ்வாறு உமிழ்கிறது என்பதையே மேற்படிப்பில் ஆராய விரும்புகிறார் என்றும், அதைப் படித்தால் பிழைப்புக்கு வழி உண்டா என்று நீங்கள் கலங்குகிறீர்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். அவர் எதைத் தேர்ந்திருக்கிறார் என்பது உங்களுக்குத் தெளிவானால் கலக்கம் பாதி குறையும் என்பதால், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

தூய காற்றை ஆயிரம் டிகிரிக்குச் சூடாக்கினாலும் அது நம் கண்ணுக்கு ஒளிர்வதில்லை. மெழுகுவத்திச் சுடரின் மஞ்சள் வெளிச்சம்கூட அதிலுள்ள கரித்துகள்கள் தருவதுதான். இயல்பான அழுத்தத்தில் ஏறத்தாழ 2500 கெல்வினைத் (செல்சியஸ் டிகிரியோடு 273-ஐக் கூட்டினால் வரும் வெப்பநிலை அளவு) தாண்டும்போது ஆக்சிஜன் மூலக்கூறுகள் உடையத் தொடங்குகின்றன. 4000 கெல்வினுக்கு மேல் நைட்ரஜனும் உடைகிறது. இடையில் நைட்ரிக் ஆக்சைடு உருவாகி, நிறமாலையின், அதாவது நிறவாரியாகப் பிரித்த ஒளியின், புற ஊதாப் பகுதியில் தனக்கே உரிய பட்டைகளைப் பதிக்கிறது. 9000 கெல்வினுக்கு மேல் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் குறிப்பிடத்தக்க அளவில் பிரியத் தொடங்குவதால், தனித்தனிக் கோடுகளோடு இடைவெளியற்ற தொடர் நிறமாலையும் சேர்ந்துகொள்கிறது. ஓர் அலைநீளத்தில் நன்கு உட்கவரும் பொருள் அதே அலைநீளத்தில் நன்கு உமிழும் என்று 1859-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் கிர்க்காஃப் கண்ட விதி, வெப்பச் சமநிலையில் உள்ள காற்றுக்கும் பொருந்தும். அதனால்தான் சூடான காற்றின் ஒரு படலம் வெளியிடும் ஒளியில் ஒரு பகுதியை அடுத்த படலமே விழுங்கிவிடுகிறது. இறுதியில் எவ்வளவு ஒளி வெளியே வந்து சேரும் என்று கணக்கிடுவதுதான் இத்துறையின் கடினமான வேலை, என் கண்ணுக்கு மிக அழகான வேலையும் அதுவே.

இந்தக் கணக்கு யாருக்குத் தேவை என்று கேட்பீர்கள். நிலவிலிருந்து திரும்பும் கலம் நொடிக்குச் சுமார் 11 கிலோமீட்டர் வேகத்தில் வளிமண்டலத்தில் நுழையும்போது, அதன் முன்னே நெருக்கப்படும் காற்று சுமார் 11,000 கெல்வினை எட்டுகிறது. அந்தக் காற்றின் தொடுவெப்பத்தோடு அதன் ஒளியும் கலத்தின் கவசத்தைச் சுடுகிறது. ஒளியைக் குறைத்து மதிப்பிட்டால் கவசம் தாங்காது. கூட்டி மதிப்பிட்டால் தேவையற்ற எடையைச் சுமக்க நேரும். மின்னலை ஆராய்பவர்களுக்கும், மின்வில்லை (காற்றின் வழியே பாயும் மின்சாரத்தின் சுடரை) அணைக்கும் சுவிட்சுகளை வடிவமைப்பவர்களுக்கும், தீப்பொறியின் நிறமாலையைக் கொண்டு உலோகக் கலவையைச் சோதிப்பவர்களுக்கும் இதே அறிவு பயன்படுகிறது.

ஆயினும் ஒன்றை மறைக்கக் கூடாது. இந்தத் துறையின் பெயரைத் தாங்கிய பணியிடங்கள் மிகக் குறைவு. ஆராய்ச்சிப் பணி வேண்டுமென்றால் முதுகலைக்குப் பின் முனைவர் பட்டத்துக்காக இன்னும் சில ஆண்டுகள் செலவிட வேண்டியிருக்கும். ஆகவே, உதவித்தொகை உறுதியாகக் கிடைக்கும் இடத்தை மட்டுமே தேர்ந்தெடுங்கள். மறுபுறம், குவாண்டம் இயக்கவியல், புள்ளியியல் வெப்ப இயக்கவியல், கதிர்வீச்சுப் பரிமாற்றம், கணினி நிரலாக்கம் ஆகிய நான்கையும் இவர் ஒருசேரக் கற்றாக வேண்டும் என்பதால், பாதியில் பாதை மாறினாலும் ஒளியியல் கருவிகள், எரிதல் பொறியியல், கணினி உருவகப்படுத்தல் போன்ற துறைகளுக்கு அவர் தகுதியோடு செல்ல முடியும். நிரலெழுதுவதில் அவருக்கு உண்மையிலேயே வெறுப்பு இருந்தால் மட்டும் நான் தயங்குவேன். ஏராளமான நிறமாலைக் கோடுகளை ஒவ்வொன்றாகக் கூட்டும் கணக்கைக் கையால் செய்ய இயலாது, ஆய்வகப் பணிக்குப் போனாலும் தரவுகளைப் பகுத்தறிய நிரல் வேண்டும்.

முடிவெடுக்கும் முன் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். இந்திய இயற்பியலாளர் மேக்நாத் சாகா 1920-இல் வெளியிட்ட அயனியாக்கச் சமன்பாட்டைக் கொண்டு, 5000 முதல் 15,000 கெல்வின் வரை நைட்ரஜன் அணுக்களில் எத்தனை பங்கு எலக்ட்ரானை இழக்கும் என்பதை உங்கள் மகள் தாமே கணக்கிட்டு வரைபடமாக வரையட்டும். பிழைகள் வரும், அவற்றைத் தேடித் திருத்துவதில் அவருக்கு ஆர்வம் குன்றுகிறதா, கூடுகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். நெறியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது, அவரிடம் முன்பு படித்தவர்கள் இன்று எங்கே பணிபுரிகிறார்கள் என்று தயங்காமல் கேட்கச் சொல்லுங்கள். அந்த வரைபடத்தோடு இருவரும் வந்தால், எந்தெந்தத் துறைகளுக்கு விண்ணப்பிக்கலாம் என்பதை உட்கார்ந்து பேசுவோம்.