மகள் தடயவியல் உளவியல் படிக்கலாமா?

அன்புள்ள அக்கா,

மகளுக்கு இந்த வருஷம் மெட்ரிக், பள்ளியின் கடைசி வகுப்பு. டிவி தொடர்களைப் பார்த்துவிட்டு, தடயவியல் உளவியலாளர் ஆகப்போகிறேன் என்கிறாள். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இந்தத் தொழில் தெரியாது. எவ்வளவு காலம் படிக்கணும்? வேலை கிடைக்குமா?

கே., சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள தம்பி,

முதல் பட்டம் பெரிய காரியமில்லை. உளவியலை முதன்மைப் பாடமாக எடுத்து 3 ஆண்டு, பிறகு ஓராண்டு ஆனர்ஸ். நம் குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்திலேயே இரண்டும் உண்டு. வடிகட்டல் அதற்கப்புறம்தான். தொழில்முறை முதுகலைக்கு விரல்விட்டு எண்ணும்படிதான் ஆள் எடுப்பார்கள்; நல்ல மார்க் இருந்தும் திரும்பி வருகிறவர்கள் நிறைய. ஆனர்ஸோடு நின்றால் உளவியலாளர் என்று போர்டு மாட்ட முடியாது. இதை இப்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள்.

முதுகலையோடு 12 மாதப் பயிற்சி, எச்.பி.சி.எஸ்.ஏ. (மருத்துவத் தொழில்களைப் பதிவு செய்யும் கவுன்சில்) தேர்வு, பதிவு. கிளினிக்கல் (மனநோயைக் கண்டறிந்து சிகிச்சை தரும்) பிரிவுக்கு ஓராண்டு சமூக சேவையும் உண்டு. தடங்கலே இல்லாமல் போனாலும் 7 ஆண்டு ஆகும்.

உளவியல் தொழிலுக்கான 2011 விதிமுறைகளில் தடயவியல் தனிப் பிரிவாகச் சேர்க்கப்பட்டது. ஆனாலும் நான் கிளினிக்கலைத்தான் சொல்வேன். குற்றம் சாட்டப்பட்டவரின் மனநிலையை மனநல மருத்துவர்கள் ஆராயும்போது, கோர்ட் உத்தரவிட்டால் கூடச் சேர்பவர் கிளினிக்கல் உளவியலாளர் என்றே 1977 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 79ஆம் பிரிவு சொல்கிறது.

வேலை டிவியில் வருகிற மாதிரி இருக்காது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஃபோர்ட் நேப்பியர் போன்ற மனநல மருத்துவமனைக்குக் கோர்ட் ஒருவரை அனுப்பும், ஒரு தடவைக்கு 30 நாள் வரை. அவருக்கு விசாரணை புரிகிறதா? சம்பவ நேரத்தில் செய்வது தப்பு என்று தெரிந்ததா? தெரிந்தும் தன்னைத் தடுத்துக்கொள்ள முடிந்ததா? பேசிப் பேசிப் பார்த்து, பக்கம் பக்கமாக அறிக்கை எழுதணும். பிறகு கூண்டில் ஏறினால் எதிர்த்தரப்பு வக்கீல் ஒவ்வொரு வரியையும் பிய்ப்பார். தொடர் கொலையாளியைத் தேடுவது போலீஸின் புலனாய்வு உளவியல் பிரிவு. 1990களில் உளவியலாளர் மிக்கி பிஸ்டோரியஸ் தொடங்கிவைத்தது. அங்கே இடம் மிகக் குறைவு.

வேலை உண்டு. அரசு மருத்துவமனை, சிறைத்துறை, தனியாகச் செய்தால் விவாகரத்தில் பிள்ளை யாரிடம் என்ற வழக்குகள், அரசின் சாலை விபத்து நிதியிடம் நஷ்டஈடு கேட்கும் கோரிக்கைகள். இந்த மாகாணத்தில் ஜூலு தெரிந்தவருக்கு எங்கேயும் மதிப்பு அதிகம். மொழிபெயர்ப்பாளரை நடுவில் வைத்து ஒருவர் மனசைப் படிப்பது கஷ்டம். அவளுக்குப் பள்ளியில் ஜூலு உண்டா? இல்லையென்றால் இப்போதே ஆரம்பிக்கட்டும்.

டர்பன் ஹைகோர்ட்டில் பொதுமக்கள் உட்கார்ந்து விசாரணை கேட்கலாம். லீவில் ஒரு நாள் கூட்டிப் போங்கள். அதற்காக விண்ணப்பத்தைத் தள்ளிப்போட வேண்டாம், சி.ஏ.ஓ. (பல்கலைக்கழக விண்ணப்பங்களை வாங்கும் மைய அலுவலகம்) படிவத்தை இப்போதே போட்டுவிடுங்கள்.