03 என்றால் கோலாலம்பூர் மட்டும்தானா?

"பெஸ்தாரி ஜெயாவில் இருக்கிறோம். 03-இல் தொடங்கும் எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் அது கோலாலம்பூர்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை. 03 என்ற வட்டாரக் குறியீடு கோலாலம்பூரோடு சிலாங்கூருக்கும் புத்ராஜெயாவுக்கும் சேர்த்தே உரியது. பத்தாங் பெர்ஜுந்தை என்று பெரியவர்கள் இன்றும் சொல்லும் உங்கள் ஊரின் வீட்டுத் தொலைபேசிகளுக்கும் அதே 03தான். அடுத்து வரும் 8 இலக்கங்களில்தான் ஊர் ஓரளவு தெரியும். முதல் இலக்கம் 3 என்றால் பெரும்பாலும் கிள்ளான், கோல சிலாங்கூர் வட்டாரம். 7 என்றால் பெட்டாலிங் ஜெயா பக்கம். மாநில எல்லையை நம்பியும் கணக்குப் போடாதீர்கள்: ஜொகூரில் இருக்கும் மூவாருக்கு 06, பகாங்கில் இருக்கும் கேமரன் மலைக்கு 05.

பெரிய குழப்பம் சுழியத்தில் இருக்கிறது. நம் மலேசியாவின் நாட்டுக் குறியீடு 6 அன்று, 60. வெளிநாட்டிலிருந்து அழைக்கும்போது 03-இன் சுழியத்தை விட்டுவிட்டு +60 3 என்று தொடங்க வேண்டும். என் பெரியம்மா, தோட்டத்து வீட்டுச் சுவர் நாட்காட்டியின் ஓரத்தில் பென்சிலால் 60 03 என்று எழுதி, அதையே சென்னை உறவினருக்கும் கொடுத்திருந்தார். பாவம், அவர்கள் எத்தனை முறை முயன்றும் அழைப்பு கிடைக்கவில்லை. அந்த ஒரு சுழியத்தை அழித்தோம். அன்று மாலையே மணி அடித்தது.

இன்னொன்று: 03-ஐப் பார்த்ததும் வங்கித் தலைமையகம் என்று நம்பிவிடாதீர்கள். திரையில் தெரியும் எண்ணைப் போலியாகக் காட்ட முடியும். பேச்சைத் துண்டித்துவிட்டு, உங்கள் வங்கி அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நீங்களே அழையுங்கள்.