‘ஏனென்றால்’ வந்தாலே வாதமா?

கேள்வி: ‘பால் திரிந்துவிட்டது, ஏனென்றால் ராத்திரி கரண்ட் இல்லை.’ இது வாதம் என்று மகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். பாடத்தில் ‘விளக்கம்’ என்று இருக்கிறதாம். காரணம் சொன்னால் வாதம்தானே?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: இல்லைங்க. பால் கட்டி கட்டியாகப் பாத்திரத்தில் கிடக்கிறது. திரிந்ததில் யாருக்கும் சந்தேகமே இல்லை. எப்படித் திரிந்தது என்றுதான் சொல்கிறீர்கள். அதனால் அது விளக்கம்.

இப்போது இதைப் பாருங்கள்: ‘ராத்திரி கரண்ட் போயிருக்க வேண்டும், ஏனென்றால் ஃப்ரீசர் ஐஸ் உருகித் தரையில் தண்ணீர் நிற்கிறது.’ கரண்ட் போனதை யாரும் பார்க்கவில்லை, எல்லோரும் தூக்கம். பார்க்காத ஒன்றை ஏற்கவைக்க, கண்ணெதிரே இருக்கும் தண்ணீரைச் சான்றாக வைக்கிறீர்கள். இது வாதம். அதே ‘ஏனென்றால்’தான், வேலை வேறு.

மணிமேகலை 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் சொல்லிக்கொடுப்பதும் இப்படித்தான். இந்த மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம், அதாவது ஏற்கவைக்க வேண்டிய கூற்று. புகை இருப்பதால் என்பது ஏது, அதாவது சான்று. அடுக்களை போல என்பது திட்டாந்தம், அதாவது புகையும் நெருப்பும் சேர்ந்திருப்பதற்கு எடுத்துக்காட்டு. வகுப்பில் நான் எப்போதும் இதிலிருந்துதான் ஆரம்பிப்பேன். அடுக்களை என்றதும் கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும்.

அப்புறம், ‘பால் விலை அநியாயம்’ என்று மட்டும் சொன்னால் அது வெறும் கருத்து. சான்று ஏதும் கூட வரவில்லையே. நாளைய பேப்பரில் பத்து வாக்கியங்களை மகளை இப்படிப் பிரிக்கச் சொல்லுங்கள்.