950 டிகிரியிலேயே சாம்பல் கட்டியாவது ஏன்?

நிலக்கரியை எரிவாயுவாக்கும் உங்கள் பாய்மப் படுகைக் கலனில் (அடியிலிருந்து ஊதும் காற்று துகள்களைப் பாய்மம்போல் அசைக்கும் கலன்) இப்படி நடப்பதாகக் கேட்டிருந்தீர்கள். தெர்மோகப்பிள் என்னும் வெப்பமானி காட்டும் 950 டிகிரி படுகையின் நடுப்பகுதிச் சூடுதான். சாம்பல் இளகுவது அடியில், காற்றுத் துளைகளை ஒட்டி. நிலக்கரியை மாற்ற வேண்டாம். காற்றோடு செல்லும் நீராவியைக் கூட்டுங்கள்.

மேட்டூர் அனல்மின் நிலையத்தில் எரிப்பது போன்ற நிலக்கரி, சாம்பல் உருகுநிலை 1,300 டிகிரிக்கு மேல் என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சோதனை காற்றுச் சூழலில் நடந்ததா? ஆக்சிஜன் குறைந்த கலனுக்குள் சாம்பலிலுள்ள இரும்பு, ஆக்சிஜனை இழந்து ஃபெரஸ் நிலைக்கு இறங்கி, சிலிக்காவுடன் சேர்ந்து முன்னதாகவே இளகிவிடும். பலரும் தவறவிடும் இடம் இது.

அடியிலுள்ள காற்றுத் துளைத் தட்டுக்கு 2 செ.மீ. மேலே இன்னொரு தெர்மோகப்பிள் பொருத்துங்கள். படுகையின் அழுத்த வேறுபாட்டையும் கவனியுங்கள்: அதன் துடிப்பு அடங்கினால் கட்டி தொடங்கிவிட்டது.

நீராவி மிகுந்தால் சூடு குறைந்து, எரியாத கார்பன் சாம்பலோடு வெளியேறும். சாம்பல் மிகுந்த நம் நிலக்கரிக்கு ஆராய்ச்சி தேவைப்படுவது இந்த இழுபறியில்தான். திருச்சி பெல் நிறுவனத்தின் 6.2 மெகாவாட் நிலக்கரி வாயுவாக்கச் சோதனை மின் நிலையமும் பின்னாளில் பாய்மப் படுகையில் இயங்கியது. அதன் ஆய்வறிக்கைகளைத் தேடிப் படியுங்கள்.

வெளிவரும் வாயுவில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, மணம் கிடையாது. மூடிய அறையில் தயவுசெய்து இயக்காதீர்கள்.